பெரியம்மா பால்

இவளுக்கு முதுகெலும்பின் அடிக்கணுவில் திருப்புளியை வைத்துத் திருகுவது போல வலித்தது. பகலெல்லாம் தையல் மிஷின் மேல் குனிந்த முதுகு, இரவில் பிள்ளை மேல் குனிந்திருந்தது. கைக்குழந்தை. மடியில் இருந்தால் தூங்குவான், கீழே கிடத்தினால் வீறிடுவான்.

போன வாரம் மிஷினில் கண் செருகி, ஊசி விரலில் இறங்கிவிட்டது. "இன்னொரு தடவ தூங்கி விழுந்தா வீட்லயே படுத்துக்க" என்று சொல்லிவிட்டார் சூப்பர்வைசர். புருஷனோ தன் அண்ணனோடு லாரிக்கு மூட்டை ஏற்றப் போனால் விடிந்துதான் வருவான்.

அண்ணன் பெண்டாட்டி, இவளுடைய ஓரகத்தி, அடுத்த அறையில் இருந்தாள். தவழ்கிற பெண் ஒன்று அவளுக்கு. இவளுடைய ஈரத்துணி அவளுடைய காய்ந்த துணி மேல் சொட்டியதில் இருவருக்கும் பேச்சு நின்றுபோனது. நடுக்கதவைச் சாத்தியாயிற்று. அதன்பின் எல்லாம் ஜாடைதான். பிள்ளையைக் கொஞ்சுகிற சாக்கில் ஒருத்தியை ஒருத்தி திட்டுவார்கள்.

அன்று சாயங்காலமும் பையன் அழுதான். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது: "என்னடி செல்லம், தூக்கம் வரலையா? சில பேருக்குப் பெத்துக்கத் தெரியுது, தூங்க வைக்கத் தெரியல. நாம என்ன பண்றது?"

இவளும் விடவில்லை. "டேய் ராசா, உங்க பெரியம்மா காதுல அடைக்கப் பஞ்சு வேணுமாம். கம்பெனிலேர்ந்து கொண்டாரட்டுமா?"

இரவு கட்டிலில் உட்கார்ந்து பால் கொடுத்தாள். தலை சுவரில் சாய்ந்தது.

விழித்தபோது மடி காலி. கட்டிலுக்கு அடியில் கைவிட்டுத் துழாவினாள். வெறும் தரை. நிமிர்ந்தாள். நடுக்கதவு திறந்திருந்தது.

ஓரகத்தி தரையில் சம்மணமிட்டிருந்தாள். பையன் அவள் மார்பில் சப்புக்கொட்டிக் குடித்துக்கொண்டிருந்தான்.

"எம் புள்ள..."

"உம் புள்ளதான். முழுங்கிட மாட்டேன். சுவரத் தட்டுனேன், கூப்புட்டேன், பொணமாட்டம் கெடந்தே. இவன் மடிலேர்ந்து சறுக்கிக் கட்டில் விளிம்புல கெடக்கான். பசில கைய சப்பிக்கிட்டு."

சண்டைக்குப் பிறகு முகம் பார்த்துச் சொன்ன முதல் பேச்சு. இவளுக்கு உதடு கோணியது.

"குடுங்கக்கா, நான் பாத்துக்கறேன்."

"என்னத்தப் பாப்பே? கண்ணே தொறக்கல. போய்ப் படு. விரலச் சேத்துத் தெச்சுக்கிட்டு வந்து நிக்காத."

"உங்களுக்குத் தூக்கம்?"

"சும்மா ஒண்ணும் இல்ல. எங்க வீட்டுக் கழுதைக்குப் பல்லு மொளைக்குது, கடிச்சுக் கொதறுறா. ஞாயித்துக்கெழம ராத்திரி ரெண்டையும் நீ வச்சுக்க. நான் கால நீட்டித் தூங்கணும்."

இவள் போய் விழுந்தாள். மறுநாள் சட்டைக் கைகள் கோணாமல் தையல் ஓடியது. சூப்பர்வைசர் தாண்டிப் போனார், நிற்கவில்லை.

ஞாயிறு இரவு ஓரகத்தியின் குழந்தை சித்தியிடம் ஒட்டவே இல்லை. முகத்தைப் பிறாண்டி அலறியது. கடைசியில் ஓரகத்தியே தலையை முடிந்துகொண்டு எழுந்து வந்து தூக்கினாள்.

"பாத்தியாடி செல்லம், உங்க சித்தி லட்சணத்த?"

ஜாடைதான். ஆனால் இவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

ஓரகத்திக்கு இவள் இன்னும் ஒரு ராத்திரித் தூக்கம் பாக்கி.