உப்புக் காற்றின் மேல் போட்ட பழி

"சினிமால வர்ற மாமா நல்லா ஆடிகினு கீறாரு. டாக்டர் மாமா மட்டும் ஏன் செலையாட்டம் நின்னுடுறாரு?"

சந்திரம்மாவின் பேத்தி பாப்பா ஒருநாள் இப்படிக் கேட்டபோது, இன்டர்நெட் லைனைச் சரிபார்க்க வந்திருந்த தீனதயாளன் சிரித்துவிட்டான். "உப்புக் காத்து கண்ணு. ஜாயிண்ட்டுல பூந்துகினு ஆட்டம் காட்டுது," என்றான். மாமல்லபுரம் பக்கத்து ஊர்களில் எது பழுதானாலும் கடலைக் குற்றம் சொல்வதுதான் லைன்மேன்களின் வழக்கம். அவனும் மனதார நம்பித்தான் சொன்னான். கம்பம் ஏறி ஒயரை மாற்றினான். மறுவாரமும் ஏறினான்.

சந்திரம்மாவின் கணவர் செங்கல்வராயனுக்குக் காலில் சர்க்கரைப் புண். செங்கல்பட்டு டாக்டர் வாரம் ஒருமுறை, அந்த இன்டர்நெட் லைனில் ஓடும் செல்போன் வீடியோவில் பார்த்து மருந்து சொல்வார். படம் மங்கி மங்கி நின்றதில், விரல் கறுத்தது அவர் கண்ணில் படவே இல்லை. போன வாரம் கட்டைவிரலை எடுத்துவிட்டார்கள். இனி பாதமாவது மிஞ்ச வேண்டும்.

இன்று காலை இன்டர்நெட் ஆபீஸ் கம்ப்யூட்டரில் தீனதயாளனின் முதலாளி தனகோடி எதையோ மாற்றிக்கொண்டிருந்தார்.

"இன்னாண்ணாத்த இது?" என்றான் தீனதயாளன்.

"நமக்கு லைன் குடுக்குற கம்பெனியோட சினிமா ஆப்பு கீது இல்ல, அதுக்கு ஃபுல் ஸ்பீடு. மத்த வீடியோவுக்கெல்லாம் பிரேக்கு. ஒரு வருசமா இதான் ஓடிகினு கீது. நீ வேற, குரங்காட்டம் கம்பத்துல ஏறிகினு."

"எல்லாத்தையும் ஒரே மாரி வுடணும்னு லைசென்ஸ்லயே கீதே."

"லைசென்ஸு செவுத்துல தொங்குது. எறங்கி வந்து பாக்குமா?"

பழுது இத்தனை நாளும் தீனதயாளன் உட்கார்ந்து டீ குடிக்கும் அறையிலேயே இருந்திருக்கிறது. அந்தக் கட்டைவிரலை நினைத்ததும் டீ டம்ளரைக் குடிக்காமல் கீழே வைத்தான். முன்பொரு புயல் மழையில் கம்பத்திலிருந்து விழுந்து கிடந்த அவனைத் தன் டிராக்டரில் போட்டு, ஏரி உடைந்து ஓடிய சாலையில் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் செங்கல்வராயன். பிறகு ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

மாலையில் பிரதோஷம். தனகோடி திருக்கழுக்குன்றம் கிளம்பிப்போனார். ஆபீசில் வேறு யாருமில்லை. தீனதயாளன் சுவரிலிருந்த சாமி படத்தைப் பார்த்தான். எதுவும் கேட்கத் தோன்றவில்லை. கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தான். ஒரு வீட்டுக்கு மட்டும் பிரேக்கை எடுக்க மனம் வரவில்லை. ஊர் முழுவதற்கும் எடுத்தான்.

வீடு திரும்பும் வழியில், சந்திரம்மா வீட்டு ஜன்னலிலிருந்து டாக்டரின் குரல் அறுபடாமல் வந்தது. "இன்னும் கொஞ்சம் கிட்ட காட்டுங்கம்மா. ஓரத்துல என்ன, கறுப்பா?"

அவன் நிற்கவில்லை. சத்தம் கேட்டு யாரும் எட்டிப் பார்த்துவிடாதபடி, வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் தெருமுனை வரை தள்ளிக்கொண்டே போனான்.