கப்டன் வஸ்தியாம்பிள்ளையின் கோட்

தெற்கு லண்டனில் மிச்சம் என்கிற இடத்தில், ட்ராம் நிறுத்தத்துக்குப் பின்னால் இருக்கும் ஒழுங்கையில், சூசைதாசனின் வீடு 2024 ஒக்டோபர் பதினான்காம் திகதி திங்கட்கிழமை காலை பதினொன்று இருபதுக்குத் தரையை விட்டு ஒன்றரை அடி எழும்பியது. சில மணித்தியாலத்தில் தானாகவே இறங்கியது. அது ஓர் இரட்டை வீட்டின் பாதி. மற்றப் பாதியில் குடியிருந்த நகுலேஸ்வரியின் வீடு அசையவில்லை. பொதுச்சுவரில் கொழுவியிருந்த முருகன் படம் சரிந்துபோனதாக மட்டும் அவர் முறையிட்டார். கவுன்சில் அனுப்பிய பொறியியலாளர் வீட்டுக்கும் நிலத்துக்கும் இடையே தலையை நுழைத்துப் பார்த்து, ஈரக்கசிவு எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். தேம்ஸ் ஆறு பெருகும்போது வீடு எழும்புகிறது, வற்றும்போது இறங்குகிறது என்பதைக் கண்டுபிடித்தவர் தபால்காரர். அன்றிலிருந்து அவர் வற்றுப்பெருக்கு அட்டவணையைப் பார்த்தே கடிதம் கொண்டுவந்தார்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு கண்ணாடிச் சட்டம். சூசைதாசனின் பூட்டனார் வஸ்தியாம்பிள்ளை, விக்டோரியா மகாராணி காலத்தில் ஊர்காவற்றுறையிலிருந்து கப்பலேறி லண்டனுக்குப் போனவர். ஆறு வருடம் கழித்து ஒரு சோடி சப்பாத்தோடும் ஒரு பத்திரத்தோடும் திரும்பி வந்தார். பத்திரத்தின் தலைமாட்டில் சிங்கமும் ஒற்றைக்கொம்புக் குதிரையும், அடியில் சிவப்பு முத்திரை. ஊரில் இங்கிலிஷ் தெரிந்த ஒரேயொரு மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்து, லண்டன் என்று போட்டிருக்கிறது, கப்பல் என்று போட்டிருக்கிறது, வேறென்ன வேண்டும் என்று கேட்டார். அன்று முதல் அது கப்டன் பட்டம். யாரோ பக்திமான் அந்தோனியார் படமொன்றைச் சட்டத்துக்குள் செருகிவிட, பத்திரத்தின் கீழ்ப்பாதி முழுவதும் மறைந்து போனது. தொலைந்ததைக் கண்டெடுத்துக் கொடுக்கிற அந்தோனியார் இந்த ஒரு விஷயத்தை நூற்றைம்பது வருடம் ஒளித்து வைத்திருந்தார். அந்தச் சட்டத்தைக் காட்டி நாலு தலைமுறைக்குக் கலியாணம் பேசினார்கள். தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது ஊரில் இருந்த சொந்தங்கள் தையல் மெசினை விட்டுவிட்டு இதைத்தான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

சட்டம் லண்டனுக்கு வந்து சேர்ந்த பிறகு சூசைதாசன் அதற்கு ஒரு குட்டி லைட்டும் பூட்டியிருந்தார். ஞாயிறு பூசை முடிந்து மண்டபத்தில் தேத்தண்ணி குடிக்கும்போது, சின்னப் படகுகளில் வந்து இறங்கும் சனத்தைப் பற்றி அவருக்கு ஒரு திட்டம் இருந்தது. “எல்லாரையும் ஒரு கப்பலிலை ஏத்தி, அசையாமல் ஆத்துக்கை கட்டிவிடவேணும்,” என்பார். தான் லொறிக்குள் வெங்காய மூட்டைகளுக்குப் பின்னால் இருந்து வந்தது வேறு கணக்கு. அது பிரயாணம்.

இந்த நிலையில்தான் அவருடைய ஒரே மகள் டிலக்சனா, ஃபாரஸ்ட் கேட் பக்கம் கட்டடங்களுக்குச் சாரம் கட்டும் ஜெனோசனைக் கட்டப்போகிறேன் என்றாள். பெடியன் நல்லவன், பூசைக்கும் வருவான். ஆனால் பதினேழு வயதில் ஒரு கோஷ்டிச் சண்டையில் மாட்டி எட்டு மாதம் சிறுவர் சிறையில் மறியல் இருந்தவன். “மறியற்காரனுக்குக் கப்டன் வீட்டுப் பொம்பிளையோ? முதல் உன்ர பரம்பரை என்னெண்டு தேடிப் பார் பிள்ளை. பிறகு வந்து கதை!” என்று சூசைதாசன் கத்தினார். டிலக்சனா சொல்வழி கேட்கிற பிள்ளை. தேடினாள். அந்தோனியாரைப் பக்குவமாக வெளியே எடுத்து வைத்துவிட்டுப் பத்திரத்தை வாசித்தாள், பழைய ஆவணங்கள் வைத்திருக்கும் இடத்துக்கு எழுதிப் போட்டாள். அந்தத் திங்கட்கிழமை காலை பதினொன்று இருபதுக்குப் பதில் வந்தது.

பதிவேட்டின்படி, வஸ்தியான் என்ற கப்பல் வேலைக்காரப் பொடியன், வயது பதினான்கு, உயரம் நாலடி ஏழு அங்குலம், துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் அடகுக்கடை வாசலில் தொங்கிய கம்பளிக் கோட்டைத் திருடியவன். பத்து நாள் சிறை, அதன்பின் ஐந்து வருடம் சீர்திருத்தக் கப்பல். அந்தக் கப்பல் எங்கும் போனதில்லை. குற்றம் செய்த பொடியன்களை அடைத்து வைக்க ஆற்றின் நடுவே நங்கூரம் போட்டு நிறுத்தியிருந்த பழைய மரக்கலம் அது. பெருக்குக்கு ஏறும், வற்றுக்கு இறங்கும், அவ்வளவுதான் அதன் பிரயாணம். சட்டத்துக்குள் இருந்தது விடுதலைப் பத்திரம். நடத்தை: பரவாயில்லை. குறிப்பு: குளிர் தாங்கமாட்டான். டிலக்சனா கடைசி வரியைத் தகப்பனுக்கு வாசித்து முடிக்க, வீடு எழும்பியது.

சூசைதாசன் ஒன்றும் நடக்காத மாதிரியே இருந்தார். வீடு ஏன் எழும்புகிறது என்று கோயிற்சனம் கேட்டபோது, அது கப்டனின் இரத்தம், கடலைத் தேடுகிறது என்றார். சொன்ன அன்றே வீடு மூன்றடி எழும்பியது. நோர்பரியிலிருந்து பூசைக்கு வரும் கிறிஸ்துராஜாவிடம், பூட்டனார் ஏழு கடலும் ஓடியவர் என்று அளந்துவிட்டார், நாலரை அடி. பொய்யின் நீளத்துக்கு வீடு உயர்கிறது என்பது அந்த ஒழுங்கையில் அவரைத் தவிர எல்லாருக்கும் விளங்கிவிட்டது. பூனைக்கும் விளங்கியது, அது நகுலேஸ்வரி வீட்டுக்குக் குடிபெயர்ந்தது. பங்குனி மாதப் பெரிய பெருக்கில் வீடு ஒன்பதடி எழும்பி, தேம்ஸில் போய்ச் சேரும் வாண்டில் என்ற ஆற்றின் பக்கம் முகத்தைத் திருப்பியது. அடுத்த பெருக்கோடு அது போய்விடும் என்று தபால்காரர் சொன்னார்.

ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை செய்யும் மனைவி அஞ்சலீனா கைப்பையோடு வாசலில் நின்று கீழே பார்த்தார். “எனக்கு ரெண்டு மணிக்கு ஷிப்ட். உங்கட கப்டன் வந்து இறக்கிவிடுவாரோ?” என்று கேட்டார். டிலக்சனா போன் எடுத்தாள். முக்கால் மணித்தியாலத்தில் ஜெனோசன் தன் வான் வண்டியில் இரும்புக் குழாய்களோடு வந்து, ஒருவரிடமும் ஒன்றும் கேட்காமல், கைபிடி வைத்து அழகாக ஒரு படிக்கட்டுக் கட்டினான். அஞ்சலீனா இறங்கி, அவன் கன்னத்தைத் தட்டிவிட்டு பஸ்ஸுக்குப் போனார். டிலக்சனாவும் இறங்கினாள். சூசைதாசன் இறங்கவில்லை. மறியற்காரன் கட்டிய படியில் கால் வைக்கமாட்டாராம்.

“அங்கிள், இறங்குங்கோ. அடுத்த பெருக்குக்கு என்ர குழாய் தாங்காது.”

“நீ போடா! நான் கப்பலோடை போறன்.”

“நல்லாப் போங்கோ அண்ணை, ஆனால் என்ர சுவரை விட்டுட்டுப் போங்கோ!” என்று நகுலேஸ்வரி தன் ஜன்னலால் எட்டிச் சொன்னார்.

சுவர் நெரியும் சத்தம் கேட்டது. சூசைதாசனுக்கு உண்மையாகவே பயம் பிடித்தது. எதையாவது எடுத்துக்கொள்ளலாம் என்று அலுமாரியைத் திறந்தார். முன்னால் தொங்கியது ஒரு சாம்பல் நிறக் கோட். அதை அவர் முப்பத்தெட்டு வருடமாகப் போட்டதுமில்லை, எறிந்ததுமில்லை. எண்பத்தேழு தை மாதம், பாரிசில் ஒரு கோப்பிக்கடை வாசற் கொழுவியில் இருந்து எடுத்தது. மூன்று நாளாக மெல்லிய சேட்டோடு தெருவில் நின்றவர், கடைக்காரன் திரும்பிப் பார்ப்பதற்குள் எடுத்துக்கொண்டு ஓடினார். ஆருடைய கோட்டோ. சட்டைப்பையில் ஒரு பிள்ளையின் கையுறை இருந்தது, அதுவும் இன்னும் அதற்குள்ளேயே இருந்தது. இதை அவர் அஞ்சலீனாவுக்குச் சொல்லவில்லை, பாவசங்கீர்த்தனத்தில் சாமியாருக்கும் சொல்லவில்லை. குளிர் தாங்கமாட்டான் என்ற வரியைக் கேட்ட நாள் முதல் அவர் நெஞ்சுக்குள் முள்ளாகக் கிடந்தது இதுதான். அவருக்கு அழுகை வந்தது, அழுதார்.

பிறகு கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். ஒழுங்கையே கீழே கூடி நின்றது, கிறிஸ்துராஜாவும் நின்றார்.

“அவர் கப்டன் இல்லை,” என்றார் சூசைதாசன். “குளிருக்கு ஒரு கோட் களவெடுத்த சின்னப் பொடியன். நானும் எடுத்தனான். இதுதான். அவரைப் பிடிச்சவங்கள், என்னைப் பிடிக்கேல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.” ஜெனோசனைப் பார்த்தார். “படி தாங்குமோ தம்பி?”

“தாங்கும் அங்கிள். வாங்கோ.”

அவர் இரண்டு படி இறங்குவதற்குள் வீடு ஒன்பதடியிலிருந்து ஒன்றரைக்கு வந்து நின்றது. பெருக்கு வற்றும்வரை அதற்கு மேல் இறங்க மறுத்துவிட்டது, இன்றுவரை பெருக்குக்கு ஒன்றரை அடிதான். கலியாணம் வைகாசியில் நடந்தது. அழைப்பிதழில் பூசை நேரத்தோடு பெருக்கு நேரமும் அச்சிட்டு, முழங்கால் நோவுள்ளவர்கள் முன்கூட்டியே ஏறிக்கொள்ளவும் என்று போட்டார்கள். சூசைதாசனின் வாய் மட்டும் மாறவில்லை. எங்கள் குடும்பம் ஐந்து தலைமுறையாகக் கள்ளர் குடும்பம், பத்திரம் இருக்கிறது, உங்களிடம் இருக்கிறதா என்று மண்டபத்தில் கேட்கத் தொடங்கினார். ஜெனோசனின் விடுதலைக் கடுதாசியையும் கேட்டு வாங்கிச் சட்டம் போட்டு, பூட்டனாருக்குப் பக்கத்தில் கொழுவி, அதற்கும் ஒரு லைட் பூட்டினார். பொறாமை தாங்காத கிறிஸ்துராஜா தன் பரம்பரையில் ஒரு கள்ளனையாவது கண்டுபிடிக்க ஆறு மாதம் தேடினார். கிடைத்ததெல்லாம் அரசாங்கக் கச்சேரிகளில் எழுத்துவேலை பார்த்த கிளாக்குமார்.

கோட்டை சூசைதாசன் வாசலுக்கு வெளியே ஒரு கொழுவியில் தொங்கவிட்டார், தேவைப்பட்டவர் எடுக்கட்டுமென்று. மாதக்கணக்காக அது அங்கேயே தொங்கியது. கார்த்திகையில் ஒரு மழைநாள், சாப்பாட்டுப் பார்சல் கொண்டுவந்த ஒருவர், சேட் நனைந்து உடம்போடு ஒட்டியிருக்க, பார்சலைப் படியில் வைத்தார். இரண்டு பக்கமும் பார்த்தார், கோட்டை இழுத்தெடுத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினார். ஜன்னலுக்குப் பின்னால் நின்ற சூசைதாசன் மூச்சுக் காட்டவில்லை. ஆரது என்று அஞ்சலீனா குசினியிலிருந்து கேட்டார். “ஒருத்தருமில்லை,” என்றார் அவர். சொன்னது பொய்தான். பெருக்கு நேரம் வந்தது. வீடு வழக்கமான ஒன்றரை அடிதான் எழும்பியது.