முகத்துக்கு மட்டும் ஒரு பூ

ஏதோ கூட்டத்துக்குத் தலைமை தாங்க வருபவரைப் போலத்தான் விநாயகமூர்த்தி வீட்டுக்குள் வந்தார். லின்ஃபீல்டில் மாடி வீடு, ஓய்வு பெற்ற எஞ்சினியர், தமிழ்ச் சங்கத்தின் நிரந்தரத் தலைவர். இப்போது புதிதாக இன்னொரு பதவி: வளர்ப்பு வீடுகளில் இருக்கும் பிள்ளைகளுக்காகக் குடும்ப நீதிமன்றத்தில் பேசும் தொண்டர்.

விரி என்ற தொழிற்பேட்டைப் பகுதியில் கிடங்கு வேலை முடித்து வந்த சோபனா, வேலை உடுப்பைக்கூட மாற்றாமல் தேத்தண்ணி போட்டாள். பாபகூராவிலுள்ள அவளுடைய வீட்டில்தான், பிள்ளைகள் காப்பு ஏஜென்சி ஒப்படைத்த பத்து வயது தேவதர்ஷினி ஒரு வருஷமாக வளர்கிறாள். தாய் இல்லை. தகப்பன் யசீகரன் பிள்ளையை அடித்த அடிக்குச் சிறைக்குப் போய் வந்தவன். அவள் இருக்குமிடம் அவனுக்குத் தெரியக்கூடாது என்பது நீதிமன்ற உத்தரவு. அடுத்த மாதம் மறுபடி விசாரணை. எங்கே இருக்க விருப்பம் என்று பிள்ளையிடம் கேட்டு நீதிபதிக்குச் சொல்ல வேண்டும். விநாயகமூர்த்திக்கு இருந்த வேலை அது ஒன்றுதான்.

அவர் கேட்டது வேறு.

"தேவாரம் ஒண்டு பாடு பாப்பம்."

தேவதர்ஷினிக்குத் தமிழ் விளங்கும். பதில் ஆங்கிலத்தில்தான் வரும். தெரியாது என்றாள்.

"பாத்தீங்களோ தங்கச்சி! கோட்டிலை நான் சொல்லப்போற முதல் பொயின்ற் இதுதான்."

பிறகு அவர் படித்த பள்ளிக்கூடம் வந்தது, அவர் கட்டிய பாலம் வந்தது. இடையில் பிள்ளை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பாலம் இன்னும் முடிந்திருக்கவில்லை.

எழும்பும்போது போனைச் சோபனாவிடம் நீட்டினார். "ஒரு படம் எடுங்கோ."

"படம் எடுக்கக்கூடாது எண்டு ஏஜென்சி சொன்னது, அண்ணை."

"எனக்கே சட்டமோ? நான் கோட்டு ஆள். என்ரை போனோடை கிடக்கும்."

பெரிய மனிதர் ஒருவரை வாசலில் வைத்து மறுத்துப் பேச அவளுக்கு வாய் வரவில்லை. எடுத்துக் கொடுத்தாள்.

படம் போடாத நற்காரியம் சங்கத்தில் நடந்ததாகக் கணக்கில்லை. இரத்த தானத்தில்கூட ஊசியோடு சிரிப்பார்கள். அன்று மாலையே வாட்ஸ்அப் குழுவில் வந்தது: 'நீதிமன்றத்தில் எம் பிள்ளைகளின் குரல், எமது தலைவர்.' கீழே கூப்பிய கைகள் குவிந்தன. பிள்ளையின் முகத்தில் ஒரு தாமரைப் பூ ஒட்டியிருந்தது. பூவுக்குக் கீழே பள்ளிச் சீருடை, அதில் பள்ளியின் பெயர் பளிச்சென்று. தலைவரின் முகத்தில் பூ இல்லை.

சோபனா திரும்பத் திரும்ப அழைத்தாள். அவர் எடுக்கவில்லை. படம் கைமாறிக் கைமாறி யசீகரனிடமும் போய்ச் சேர்ந்தது. திங்கட்கிழமை அவன் பள்ளி வாசலில் நின்றான். அவனைக் கண்டதும் தேவதர்ஷினி கழிப்பறைக்குள் ஓடிக் கதவைப் பூட்டிக்கொண்டாள். பொலிஸ் அவனைக் கொண்டுபோன பிறகுதான் திறந்தாள்.

பின்னேரமே ஏஜென்சிக்காரி வந்துவிட்டாள். இனி வேறு ஊர், வேறு பள்ளி, வேறு வீடு. எந்த ஊர் என்று சோபனாவுக்கும் சொல்ல மாட்டார்கள்.

பையில் உடுப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"தங்கச்சி, முகத்தை மறைச்சுத்தானே போட்டனான்? சனம் என்னைப் பிழை சொல்லுது. படம் எடுத்தது நீங்கள்தான் எண்டு குழுவிலை ஒரு வரி போட்டுவிடுங்கோ."

சோபனாவுக்கு இப்போது வாய் வந்தது. "அண்ணை, இந்தப் பிள்ளையிட்டை ஒரேயொரு கேள்வி கேக்கத்தான் உங்களை அனுப்பினவை. இண்டைக்காவது கேளுங்கோ."

ஸ்பீக்கரைப் போட்டுப் பிள்ளையிடம் நீட்டினாள். அந்தப் பக்கம் தொண்டையைச் செருமும் சத்தம்.

"பிள்ளை... எங்கை இருக்க விருப்பம்?"

"இங்கேதான். அன்ரியோடு," என்றாள் தேவதர்ஷினி, ஆங்கிலத்தில்.

"வெரி குட். அதைக் கட்டாயம் கோட்டிலை சொல்லுவன். இப்ப போனை அன்ரியிட்டைக் குடுங்கோ, அந்த ஒரு வரி..."

தேவதர்ஷினி போனைக் கட்டிலில் வைத்தாள். அவர் தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தார். வெளியே ஏஜென்சிக்காரி காரின் பின்கதவைத் திறந்துவைத்திருந்தாள்.