வாரேன்

பொள்ளாச்சிப் பக்கம் தொண்ணூற்றேழு மழையில் ஓடைக்கரை உடைந்தபோது, மீட்புக்கு வந்த தீயணைப்பு வீரர் மாசாணத்துக்குச் சாமியாத்தாள் தன் வீட்டில் இடம் கொடுத்தாள். மறுநாள் காலை வேலைக்குப் போய்த் திரும்பி வந்து படுத்தபோது பின்னறையின் ஊறிய கூரை சரிந்து அவர் இறந்துபோனார். இடிகிற வீட்டில் ஆளைத் தங்கவைத்தாள் என்று அவள்மேல் வழக்கு. நான் அவளுடைய வக்கீல். அடைக்கலம் கொடுத்தவளைக் காப்பாற்றச் சட்டத்தில் ஒரு வரி தேடினேன், இல்லை. அதை எழுதியவர்கள் வீட்டில் மழைக்கு யாரும் ஒதுங்கியதில்லை போலும்.

அதனால் ஒரு பொய்யோடு அவள் வீட்டுக்குப் போனேன்.

"காலையிலயே சொல்லிட்டுக் கெளம்பிட்டாரு, திரும்பி வந்தது தெரியாதுன்னு சொல்லீருங்க அம்மணி. அது போதுமுங்க."

"கெளம்பறப்ப வாரேன்னு சொன்னாருங்க," என்றாள்.

"எல்லாரும் அப்படித்தானுங்க சொல்றோம். போறேன்னு யாருங்க சொல்லுவாங்க?"

"நானும் வாங்கன்னு சொன்னேனுங்க. சொன்னபடி வந்து படுத்தாரு. வரச் சொல்லிப்போட்டு, வந்தது தெரியாதுன்னு எப்படிங்க சொல்றது?" அவள் குரலைத் தாழ்த்தினாள். "இப்பவும் பொழுது சாயறப்ப வாராருங்க."

அன்று அவர் கழற்றிப் போட்ட காக்கிச் சட்டை இன்னும் கொடியில் தொங்கியது. மழை விட்டு மாதக்கணக்காகிவிட்டது; வெளியே பங்குனி வெயில் காய்ந்தது. சட்டையைத் தொட்டேன். பிழியலாம் போல ஈரமாக இருந்தது.

வாசலில் செருப்பை மாட்டினேன். பழக்கத்தில் நாக்குவரை வந்த சொல்லை விழுங்கிவிட்டு, பிறந்ததிலிருந்து எந்த வீட்டு வாசலிலும் சொல்லாததைச் சொன்னேன்.

"போறேனுங்க."