எப்படிப்பட்ட பிள்ளை

...அதுவும் நீதிபதிகளே கேட்டார்களாம், இவன் எப்படிப்பட்ட பிள்ளை என்று. செல்வராணி வெங்காயத்தை நறுக்கென்று வெட்டினாள். காஹாங் முனியாண்டி கோயிலில் ராஜம்மா வீட்டு அன்னதானம், பக்கத்து வீட்டுக்காரி வராமல் இருந்தால் வயிற்றெரிச்சல் என்று நாலு பேர் பேசுவார்கள்... பேசட்டுமே, எரியத்தான் செய்கிறது. ராஜம்மா மகன் ரூபேந்திரனுக்குத் தூக்கு போய் முப்பது வருடச் சிறையாகிவிட்டது, அதற்குத்தான் இந்தப் பாயசமும் வடையும். தன் கவினுக்கும் அதே மாதிரிப் போதைப்பொருள் வழக்குதான், ஆனால் அவனைத் தூக்கில் போட்ட பிறகல்லவா சட்டத்தை மாற்றினார்கள்! அப்போது நீதிபதிக்கு வேறு தண்டனை கொடுக்க வழியே கிடையாதாம், எத்தனை கிராம், யார் கையில் இருந்தது, அவ்வளவுதான். கிராமைக் கேட்டார்கள், பிள்ளையைக் கேட்கவில்லை. ராஜம்மாவிடம் மட்டும் லாயர் வீடு தேடி வந்து, மகனைப் பற்றி நல்லதாகச் சொல்லுங்கள், கோர்ட்டில் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறார்... என்னிடம் எவன் வந்தான்? வந்திருந்தால் விடிய விடியச் சொல்லியிருப்பேனே. அந்த ரூபேந்திரனைப் பற்றிச் சொல்ல அப்படி என்னதான் இருந்தது?

கேட்டேவிட்டாள். "லாயர்கிட்ட என்னத்தடி சொன்ன?"

ராஜம்மா வெங்காயத் தோலை ஒதுக்கினாள். "பயத்துல ஒண்ணுமே வாயில வரலக்கா. வெள்ளத்தப்போ எங்க மாமனார முதுகுல சுமந்துக்கிட்டு கரையேத்துனது இருக்குல்ல... அதச் சொன்னேன்."

செல்வராணியின் கத்தி நின்றது. சுமந்தது கவின் அல்லவா? ரூபேந்திரன் அன்றைக்குச் சிங்கப்பூரில் வேலையில் இருந்தான், இவளுக்குத் தெரியாதா, இவள்தானே கவினுக்குத் துண்டு கொண்டுவந்து தலை துவட்டிவிட்டாள்.

"வேற ஒண்ணும் ஞாபகத்துக்கு வரலக்கா," என்றாள் ராஜம்மா, நிமிராமல்.

பாவி, என் பிள்ளை செய்ததை எடுத்து உன் பிள்ளைக்குப் போட்டாயா... கத்த வேண்டும், இங்கேயே, எல்லார் முன்னாலும், இந்தப் பாயச அண்டாவை உதைத்துத் தள்ள வேண்டும். கத்தினால் புத்ராஜெயாவில் இருக்கும் பெரிய கோர்ட் வரைக்கும் போகுமா, போய் ரூபேந்திரனை மறுபடியும் தூக்குக்கு அனுப்பிவிடுவார்களா, அனுப்பட்டும் என்றுதானே இப்போது நினைத்தேன்? ச்சீ. அப்படியும் மனம் ஆறவில்லை. பெரிய கோர்ட்டில் கவின் செய்ததைச் சொல்லியிருக்கிறார்கள், நீதிபதிகள் கேட்டிருக்கிறார்கள், கேட்டுவிட்டு ஓர் உயிரை விட்டுவிட்டார்கள்... அப்படியென்றால் அது போதுமாக இருந்திருக்கிறது. கவினுக்கும் அது போதுமாக இருந்திருக்கும்.