மறைவுக்கு இருபது செடி

முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்த மனைவியைத் தினமும் வீட்டுக்குப் பின்னால் நாற்பது அடி நடக்கவிடச் சொல்லியிருந்தார் மருத்துவர். ஆறு வாரத்துக்குள் கால் மடங்கிப் பழகாவிட்டால் அப்புறம் மடங்காது என்றும் சொல்லியிருந்தார்.

கணவர், ஓய்வுபெற்ற அலுவலகக் கண்காணிப்பாளர். முப்பத்திரண்டு வருடம் சம்பளம் வாங்கிக்கொண்டு கண்காணித்தவர். பின்வீட்டு மாடிக்காரரோ அதைச் சும்மாவே செய்தார். புதிதாக எழுப்பிய மாடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, டீயும் கையுமாக உட்கார்ந்திருப்பார். அந்த அம்மாள் வாக்கரைத் தள்ளிக்கொண்டு படியிறங்கியதும் மேலிருந்து குரல் வரும்.

"அக்கா, இன்னிக்குப் பதினாறு அடி! நேத்து பதினொண்ணுதான். விடாதீங்க!"

மறுநாள், "இடது கால நல்லா ஊனுங்கக்கா! பயந்தா நடக்க வராது!"

நல்ல மனிதர். அதுதான் தொல்லை. கெட்டவனென்றால் நாலு வார்த்தை கேட்டுவிட்டு நடக்கலாம். நைட்டியோடு, நொண்டிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நடப்பதற்கு நேர்முக வர்ணனை வேறா? நான்காம் நாள் அந்த அம்மாள் வெளியே வரவில்லை. கூடத்தில் சோபாவுக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவே ஆறே அடி. திரும்பித் திரும்பி நடந்ததில் முழங்கால் பூசணிக்காயாக வீங்கியது.

"ஏங்க, துணி காயப்போடற கம்பியில ஒரு பழைய போர்வையக் கட்டிவிடுங்க. போதும்."

"போர்வையா?" கண்காணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றினார். "தற்காலிக ஏற்பாடெல்லாம் நம்மகிட்ட கிடையாது. உயிர்வேலி போடறோம். எட்டடி உயரம்."

அன்றே ஒரு கோப்பு திறந்தார். அலமாரியில் அதற்கு இடம் ஒதுக்கினார். அதே அலமாரியின் தலைமேல்தான் அவருடைய பணி நிறைவு விழா பேனர் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. அதைத் தூசு தட்டக்கூட அவரைத் தவிர யாருக்கும் உரிமையில்லை.

நர்சரிக்காரர் மூங்கிலைக் காட்டினார். வேர் சுவரைப் பெயர்க்கும் என்றார் இவர். அரளி? விஷம். "யார் சார் திங்கப்போறாங்க?" என்று கேட்டவரைத் தாண்டி அடுத்த செடிக்குப் போனார். செம்பருத்தியில் பூச்சி. நெட்டிலிங்கம் நெட்டையாக நின்றாலும் அடியில் ஓட்டை. ஒவ்வொரு செடிக்கும் கோப்பில் ஒரு பக்கம் நிறைந்தது, வீட்டுக்கு ஓர் இலைகூட வரவில்லை. நான்காவது முறை போனபோது நர்சரிக்காரர் தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டார்.

"சார், என்ன வேணும்னு எழுதிக் குடுத்துடுங்க. நானே பாத்து அனுப்பறேன்."

எழுதுவதா! கரும்பு தின்னக் கூலியா! இரண்டு நாள் வரைவு, ஒரு நாள் திருத்தம். முதலில் 'பிரைவசி' என்று எழுதி, ஆங்கிலம் என்று அடித்தார். 'மனைவியின் தனிமைக்காக' என்று எழுதி, தன்மேல் பழி வரும் என்று அதையும் அடித்தார். கடைசியில் ஒரு சொல் அகப்பட்டது. முகம் மலர்ந்தது.

"என்ன எழுதினீங்க? படிங்க, கேப்போம்."

"அலுவல் நடை. உனக்குப் புரியாது."

கடிதம் போன மூன்றாம் நாள் வீட்டின் பின்பக்கம் வண்டி வந்து நின்றது. நர்சரிக்காரர் தானே இறங்கினார், சலவைச் சட்டையோடு. பின்னாலேயே மாடிக்காரர். நர்சரிக்காரர் அவரிடம் வழி கேட்டபோது கடிதத்தில் இருந்த விஷயத்தையும் சொல்லியிருக்கிறார். மூன்று வாரமாக அக்காவை வெளியே காணாதவர் உடனே நம்பிவிட்டார். போதாக்குறைக்குத் தெருவில் எட்டுப் பேருக்குச் சொல்லி, அவர்களையும் அழைத்து வந்திருந்தார்.

"மனசத் தேத்திக்குங்க சார்" என்றார் நர்சரிக்காரர்.

"பதினாறு அடி நடந்தாங்களே சார்!" மாடிக்காரர் விரலை மடக்கிக் காட்டினார். "நான்தான் எண்ணினேன்!"

கண்காணிப்பாளர் விழித்துக்கொண்டிருக்கும்போதே பின்கதவு திறந்தது. வாக்கர் முதலில் வந்தது.

"யாரு செத்தது?"

நர்சரிக்காரர் பின்வாங்கியதில் ஒரு தொட்டி உடைந்தது. "அக்கா! இருக்கீங்களா!" என்று கத்திய மாடிக்காரர், பழக்கதோஷத்தில், "இடது கால..." என்று தொடங்கி, அவள் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.

நர்சரிக்காரர் கடிதத்தை நீட்டினார். அந்த அம்மாள் உரக்கவே படித்தாள்.

"'எனது துணைவியாரின் மறைவை முன்னிட்டு, வீட்டின் பின்புறம் நடுவதற்கு, ஓங்கி வளர்ந்து என்றென்றும் நிலைத்து நிற்கும் செடிகள் இருபது தேவை. இக்காரியம் ஏற்கெனவே மிகவும் தாமதமாகிவிட்டது.' ஏங்க, என் காரியம் தாமதமாயிடுச்சா?"

"மறைவுன்னா மறைப்புன்னும் ஒரு பொருள் இருக்கு. அகராதியப் பாரு."

"அகராதி உள்ள இருக்கு. தெருவே இங்க வந்து நிக்குது."

வண்டியில் இருபது கன்று, ஒவ்வொன்றும் ஒரு சாண்.

"பேர் சொல்ற மரம்மா" என்றார் நர்சரிக்காரர் தயங்கி. "நூறு வருஷம் நிக்கும். என்ன, எட்டடி வர ஒரு பதினஞ்சு வருஷமாவும்."

"அதுக்குள்ள கடுதாசி உண்மையாயிடும்."

யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. ஆறு வாரத்தில் நாலு வாரம் போயிருந்தது.

மாடிக்காரரிடம் திரும்பினாள். "தம்பி, நீங்கதான் உயரமா இருக்கீங்க. உள்ள அலமாரி மேல ஒரு சுருள் இருக்கு. எடுத்துட்டு வாங்க."

"அத எதுக்கு?" கண்காணிப்பாளரின் குரல் முதன்முறையாக அலுவல் நடையை விட்டு இறங்கியது. "ஏய், அது வேணாம். மடிப்பு விழுந்துடும்!"

நர்சரிக்காரர் ஒரு முனையையும் மாடிக்காரர் மறுமுனையையும் பிடித்துக் கம்பியில் கட்டினார்கள். பன்னிரண்டடி நீளம், எட்டடி உயரம். நடுவில் 'ஓய்வறியாச் செம்மல்' என்ற எழுத்துக்களுக்குக் கீழே, கைகூப்பிய கண்காணிப்பாளர் மாடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். நிஜமானவர் உள்ளே போய்க் கோப்பில் 'தற்காலிக ஏற்பாடு' என்று எழுதி அடிக்கோடிட்டார்.

எல்லோரும் போனபின் அவள் நடந்தாள். பதினாறெல்லாம் பழங்கதை. ஏழாவது அடியில் கால் நின்றுவிட்டது. வலியில் வாய்விட்டு ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். யாரும் பார்க்கவில்லை.

"அக்கா," மேலிருந்து குரல் வந்தது, "இன்னிக்கு எத்தனை?"

அவள் எட்டாவது அடியை எடுத்து வைத்தாள்.