தீபாவளிக்காரி

மூன்று வாரத்துக்கு ஒரு வார்த்தைகூடப் பேசக்கூடாது என்று டாக்டர் சொன்னபோது, செல்லப்பனைவிட அவர் மனைவி செல்வராணிதான் அதிகம் திகைத்துப்போனாள்.

"மெதுவாக்கூடப் பேசக்கூடாதா டாக்டர்? காதுக்கிட்ட வந்து கிசுகிசுன்னு?"

கிசுகிசுப்பது இன்னும் கெடுதல் என்றார் டாக்டர். தொண்டையில் இருந்த சின்னக் கட்டியை எடுத்தாகிவிட்டது. பயப்படும்படியான கட்டி இல்லை. ஆனால் புண் ஆறும்வரை குரல் அசையவே கூடாது.

செல்லப்பன் குளுவாங் ஊர்ச் சந்தையான பாசாரில் முப்பத்திரண்டு வருஷமாக மீன் விற்பவர். அவர் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. "வாங்கம்மா, இன்னும் துள்ளுது பாருங்க!" என்று ஒரு குரல் கொடுத்தால், காய்கறி வரிசைக்கு அப்பால் கோப்பி குடித்துக்கொண்டிருப்பவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். வீட்டிலும் அதே குரல்தான். ஒரு குவளை தண்ணீர் கேட்டால் மூன்று வீடு தள்ளிக் கேட்கும். கோபமெல்லாம் ஒன்றும் இல்லை. மனுஷருக்கு வேறு குரல் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

கடையைத் தம்பி தங்கராஜு பார்த்துக்கொண்டார். செல்லப்பன் கையில் செல்வராணி ஒரு பள்ளிக்கூடக் கொப்பியும் பென்சிலும் கொடுத்தாள். முதல் மூன்று நாள் அவர் டிவிக்கு முன்னால் படுத்துக் கிடந்தார். நான்காம் நாள் காலை, பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய் உட்கார்ந்தார்.

தாமான் குடியிருப்பின் கடைசி வரிசையில் மூலை வீடு அது. பின்னால் ஒரு ரம்புத்தான் மரம், இரண்டு பப்பாளி, ஒரு வாழைக் கூட்டம், துணிக்கொடி, கருவேப்பிலை. வேலிக்கு அப்பால் செம்பனைத் தோட்டம். அதற்கும் அப்பால் லம்பாக் மலை, நவம்பர் மாத ஈரத்தில், இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாதபடி நின்றது. விடியுமுன்பே பாசாருக்குக் கிளம்பி, மத்தியானம் வந்து, சாப்பிட்டுத் தூங்குகிறவர் அவர். தன் வீட்டுக் காலை எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியவே தெரியாது.

அது பச்சையாக இருந்தது. வெயில் வாழையிலை வழியாக வடிந்து, தரைக்கு வருவதற்குள் தண்ணீர்போல ஆகிவிட்டது. இரவு பெய்த மழை ரம்புத்தான் இலைகளிலிருந்து ஆற அமரச் சொட்டியது. கண்ணைப் பாதி மூடினால் தூக்கம் எது, தோட்டம் எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. எங்கோ ஒன்று கூவியது. இன்னொன்று அதற்குப் பதில் சொல்வதுபோல இரண்டு முறை சீட்டியடித்தது. பேசாமல் இருக்கும்போது காது இவ்வளவு பெரிதாகிவிடுமா என்று அவர் நினைத்துக்கொண்டார்.

துணி காயப்போட வந்த செல்வராணி, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "கிராணி இன்னிக்கு லேட்டு."

கிராணியா? அவள் பிறந்த எஸ்டேட்டில் கிராணி உண்டு, ஆபீசில் உட்கார்ந்து வேலைக்கு வந்தவர்களுக்குப் பேர் போடுகிறவர். அவரெல்லாம் எப்போதோ காலமாகியிருப்பார். செல்லப்பன் கொப்பியில் எழுதி நீட்டினார்: 'எந்தக் கிராணி?'

அவள் முகம் சிவந்துபோனது. "ஐயோ, ஒன்னுமில்லீங்க."

அவர் பென்சிலால் எழுத்தைத் தட்டினார்.

"அந்தா பாருங்க. வேலி மேல."

கறுப்புக் கோட்டும் வெள்ளைச் சட்டையும் போட்டதுபோல ஒரு பறவை வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது. பிறகு கீழே இறங்கி, வாழைக்கு வாழை நின்று நின்று, யார் வேலைக்கு வந்திருக்கிறார்கள் என்று எண்ணுவதுபோல நடந்தது. செல்லப்பனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தொண்டை அசையுமோ என்று வாயைப் பொத்திக்கொண்டார்.

அன்றிலிருந்து அவர் கேட்கக் கேட்க அவள் ஒவ்வொருவராகக் காட்டிக் கொடுத்தாள். வாலுக்கடியில் மஞ்சள் தெரிய, பப்பாளியைக் கொத்தும் கொண்டைக்குருவிகள் 'மஞ்சப்பாவாடை'. கழுத்தில் புள்ளி வைத்த புறா 'பாசிமணி'. செம்பனைக்குள்ளிருந்து வந்து, சிவந்த பின்பக்கத்தை ஆட்டிக்கொண்டு ஓடும் கானாங்கோழி 'வெத்தலபாக்கு'. ஒரு நாள் துணிக்கொடிக் கம்பத்தில் நீல முதுகும் வெள்ளை மார்புமாக ஒரு மீன்கொத்தி வந்து உட்கார்ந்து, தெருவே அதிரும்படி கத்தியது. அதற்கு மட்டும் அவள் பெயர் சொல்லவில்லை. விடாமல் கேட்டபின், முந்தானையை வாயருகே வைத்துக்கொண்டு, "மீன்கடைக்காரர்" என்றாள். "அவரு வந்தா மத்ததெல்லாம் பறந்துரும்."

ஞாயிற்றுக்கிழமை ஜொகூர் பாருவிலிருந்து மகள் லோஷினி வந்தாள். அப்பா தோட்டத்தில் அசையாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து முதலில் பயந்துபோனாள். விஷயம் தெரிந்ததும், பறவைச் சத்தத்தைக் கேட்டுப் பெயர் சொல்லும் ஒரு செயலியை அவர் கைப்பேசியில் போட்டுக் கொடுத்துவிட்டு, மழைக்கு முன்னால் போக வேண்டும் என்று ஓடிவிட்டாள். கைப்பேசி கிராணியின் சீட்டியைக் கேட்டு 'முராய்' என்று மலாய்ப் பெயரைக் காட்டியது. செல்லப்பன் அதை மனைவியிடம் நீட்டினார்.

"அது அவங்க வச்ச பேரு லா," என்றாள் செல்வராணி.

இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம், மழை விட்டபிறகு, கேட்காமலேயே அவள் ஒன்றைச் சொன்னாள்.

"இன்னொன்னு இருக்குங்க. தீபாவளி முடிஞ்சு ரெண்டு மூணு வாரத்துல வரும். அஞ்சு வருஷமா பாக்குறேன். ரெண்டு நாளுதான் இருக்கும். வாழைக்கடியில சருகுக்குள்ளயே நடக்கும். பச்சை முதுகு, நீல ரெக்கை, வயித்துக்கிட்ட சிவப்பு. பண்டிகைக்குப் புதுத்துணி எடுத்துக் குடுத்த புள்ள மாதிரி. தீபாவளிக்காரின்னு பேரு வச்சேன். இந்த வருஷம் இன்னும் காணோம்."

அவர் எழுதினார்: 'அஞ்சு வருஷமா ஏன் சொல்லல?'

அவள் யோசித்தாள். "சொன்னா பாக்க வருவீங்க. வந்தா பேசுவீங்க," என்றாள்.

குறையாகச் சொல்லவில்லை, வெயிலடிக்கிறது, மழை பெய்கிறது என்பதுபோலத்தான் சொன்னாள். செல்லப்பன் பென்சிலைக் கொப்பிக்குள் வைத்து மூடினார்.

வெள்ளிக்கிழமை செல்வராணி கோயிலுக்குப் போயிருந்தாள். மழை வருமா வராதா என்று வானம் முனகிக்கொண்டிருந்தது. செல்லப்பன் நாற்காலியில் அரைத்தூக்கத்தில் இருந்தார். வாழைக்கடியில் ஒரு சருகு புரண்டது. காற்று என்று நினைத்தார். மறுபடியும் புரண்டது. சருகுக்கு நடுவே ஒரு நீலம் எழுந்து நின்றது.

அப்படி ஒரு நீலத்தை அவர் பார்த்ததில்லை. ஐஸ் பெட்டிக்குள் முதல் வெளிச்சம் படும்போது சில மீன்களின் முதுகில் ஒரு கணம் தெரியும், பிறகு மங்கிவிடும். இது மங்கவில்லை. கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை, குட்டை வால், நீண்ட கால். ஒரு தத்து, ஒரு நிறுத்தம், தலையைச் சாய்த்து மண்ணுக்குள் எதையோ கேட்டல். 'ராணீ!' என்று நெஞ்சுக்குள் கிளம்பிய கூப்பாடு தொண்டைக்கு வந்து நின்றது. வீட்டில் அவள் இல்லை என்பதே அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

தூறல் விழுந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. சட்டை நனைந்தது, கொப்பி நனைந்தது. முன்வாசலில் கேட் திறக்கும் சத்தம் கேட்டபோதுதான் உட்கார்ந்தபடியே உடம்பை வளைத்துத் திரும்பினார்.

"என்னங்க, மழையில..." என்று வந்தவள், அவர் உதட்டில் வைத்த விரலைப் பார்த்து நின்றாள். அந்த மனிதர் அப்படி விரல் வைத்து அவள் பார்த்ததே இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, ஈரத் தரையில் அடிமேல் அடி வைத்து வந்து, அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் குந்தினாள். கையில் விபூதிப் பொட்டலம் அப்படியே இருந்தது. எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்று இருவருக்கும் தெரியாது. மழை வலுத்தபோது பறவை செம்பனைப் பக்கம் நகர்ந்து மறைந்தது.

அன்று மாலை கைப்பேசியில் அதன் படத்தைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். மலாயில் அதற்கு அட்டைக்குருவி என்று அர்த்தம் வரும் பெயர்.

"அட்டையா? கால்ல ஏறி ரத்தம் குடிக்குமே அதுவா? இவ்ளோ அழகுக்கு வேற பேரே கிடைக்கலையா இவங்களுக்கு!" என்று செல்வராணி கோபித்துக்கொண்டாள். வடக்கேயிருந்து, பல நூறு மைல், இரவில்தான் பறந்து வருமாம். செல்லப்பன் அதை இரண்டு தடவை படித்தார்.

மறுநாள் காலை ஏழு மணி இருக்கும். சமையலறையின் பின்பக்கக் கண்ணாடிக் கதவில் 'டொக்' என்று ஒரு சத்தம். கண்ணாடிக்குள் தெரிந்த மரங்களைத் தோட்டம் என்று நம்பித் தீபாவளிக்காரி வந்து மோதியிருக்கிறது. நாற்காலியிலிருந்து செல்லப்பன் பார்த்தபோது, சிமெண்டுத் தரையில் நீல இறக்கை விரிந்து கிடந்தது. அதே நேரத்தில் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா மக் சித்தியின் பூனை மதிலிலிருந்து குதித்து, வயிறு தரையில் தேய, அதை நோக்கி வந்துகொண்டிருந்தது. அவர் எழுந்து ஓடி எட்டும் தூரமில்லை.

"ஏய்! போ!"

பாசாரை அதிரவைத்த குரல் வரவில்லை. துருப்பிடித்த தகரத்தை இழுத்ததுபோல ஒன்று வந்தது. ஆனாலும் பூனைக்கு அது போதும். ஒரே தாவலில் மதிலுக்கு மேல் போய்விட்டது.

செல்வராணி கரண்டியோடு ஓடிவந்தாள். "ஐயோ, பேசிட்டீங்களே!" என்றாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

லோஷினியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், ஓட்டை போட்ட பெட்டிக்குள் இருட்டாக வைத்துச் சும்மா விடுங்கள் என்றாள். மீ நூடுல்ஸ் பாக்கெட் வந்த அட்டைப்பெட்டியில் பழைய துண்டை விரித்து, செல்லப்பன் இரண்டு கையாலும் அதை எடுத்து வைத்தார். எடையே இல்லை. உள்ளங்கையில் அதன் இதயம் மட்டும் படபடவென்று துடித்தது. முப்பத்திரண்டு வருஷமாகக் குளிர்ந்த உடம்புகளையே தூக்கிய கைக்கு அந்தச் சூடு என்னவோ செய்தது.

இருவரும் பெட்டிக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். கண்ணாடிக் கதவில் செல்வராணி பழைய புடவைகளைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். அவற்றின் வழியே வந்த வெளிச்சம் அறையைச் சிவப்பாகவும் மஞ்சளாகவும் மிதக்கவிட்டது. செல்லப்பன் கண்ணயர்ந்தார். கீழே இருட்டுக் கடல், அங்கங்கே படகு விளக்கு, பிறகு ஊர்கள், ரயில் தண்டவாளத்தின் ஒற்றைக் கோடு. மேலே சத்தமே இல்லாமல் ஒரு சின்னச் சூடு பறந்து போய்க்கொண்டிருந்தது. அவரும் கூடவே போனார்.

"என்னங்க, பெட்டிக்குள்ள கீறுது," என்று செல்வராணி அவர் முழங்கையைத் தொட்டாள்.

வாழைக்கடியில் கொண்டுபோய்ப் பெட்டியைத் திறந்தார்கள். அது வெளியே தத்தி வந்து நின்றது. ஒரு நிமிஷம் அவர்களைப் பார்த்தது என்று செல்வராணி பின்னால் எல்லோரிடமும் சொன்னாள். பிறகு தாழப் பறந்து, வேலியைத் தாண்டி, செம்பனை வரிசைக்குள் போனது. அப்புறம் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை டாக்டர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்தார். "பேசினீங்களா?"

"இல்ல டாக்டர்," என்றாள் செல்வராணி அவசரமாக.

செல்லப்பன் தலையசைத்து, இரண்டு விரல் காட்டினார். இரண்டு வார்த்தை.

"எதுக்கு?"

அவர் கொப்பியில் 'பூனை' என்று எழுதிக் காட்டினார். டாக்டர் அதைப் படித்துவிட்டுச் செல்வராணியைப் பார்த்தார். அவள் சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்தாள். கொஞ்சம் வீங்கியிருக்கிறது, இன்னும் இரண்டு வாரம் வாயே திறக்கக்கூடாது என்றார் டாக்டர். பாசாரில் பழையபடி கத்துவதை இனி மறந்துவிட வேண்டும் என்றும் சொன்னார்.

காரில் வரும்போது செல்வராணி மெல்லக் கேட்டாள். "மனசு கஷ்டமா இருக்கா?"

அவர் இல்லை என்று தலையாட்டினார். சும்மா சொல்கிறாரோ என்று முகத்தை உற்றுப் பார்த்தாள். அப்படித் தெரியவில்லை.

மறுநாள் காலை பசியாறிவிட்டு இரண்டு நாற்காலியும் கொல்லைக்கு வந்தன. ரம்புத்தான் கிளையில் மஞ்சள் வயிற்றோடு ஒரு புதுக் குருவி வந்திருந்தது. ஒரு கிளையில் உட்காரும், வாலை ஆட்டும், அடுத்த கிளைக்குப் போகும், அங்கேயும் நிலைகொள்ளாது.

"இது யாருன்னு எனக்கே தெரியல. நீங்க ஒரு பேரு வைங்க," என்றாள் செல்வராணி.

செல்லப்பன் வெகுநேரம் யோசித்து எழுதினார்: 'லோஷினி. வந்த உடனே போகணும்னு துடிக்குது.'

அவள் அதைப் படித்துவிட்டு, தோட்டமே அதிரும்படி வாய்விட்டுச் சிரித்தாள். குருவி பறந்துபோனது. வாயைப் பொத்திக்கொண்டு அவள் திரும்பினாள். செல்லப்பன் தோள்கள் குலுங்க, சத்தமே இல்லாமல், உதட்டில் விரலை வைத்துக் காட்டிக்கொண்டிருந்தார்.